வன்பனிக்கேற்ற வன்பலகை

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயர் சமநிலம் எனப் பொருள்படும். கேமரன் மலையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1440 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வூரின் நடுவே நிற்பவர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஊரைக் கடந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்த பின்னரோ சமநிலம் காண்பது அரிது. 1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதலாக அம்மலையின் தேயிலை சரிவிலேயே வளர்ந்தது; அச்சரிவுகளைத் திருத்தியதில் தமிழரின் உழைப்பு பெரிது. தொடக்கத்தில் கொழுந்து பறிக்க விரல்களே கருவிகளாயிருந்தன. பின்னர்க் கத்தரி வந்தது. அதன்பின் இருவர் இருபுறமும் ஏந்திச் செல்லும் வெட்டுப்பொறி வந்தது. மென்சரிவில் பொறி உதவும். செங்குத்தான இடத்தில் கத்தரியையோ கையையோதான் நம்ப வேண்டும். சரிவே அங்குக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது.

சரிவை இவ்வளவு நெருங்கி அறிந்த தமிழர், பனி மூடிய சரிவை அறியும் வாய்ப்புப் பெற்றிலர். தேயிலைச் செடியின் மேல் விடியற்காலையில் முத்து முத்தாய்ப் படிவதும் பனியே. ஆல்ப்சு மலையில் ஆள் உயரத்திற்குக் குவிவதும் பனியே. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. முன்பனிக்காலம், பின்பனிக்காலம் எனப் பெரும்பொழுதில் இரண்டைப் பனிக்கு ஒதுக்கிய முன்னோர், ஐவகை நிலத்துள் பனிநிலம் என ஒன்றை வகுத்தாரல்லர். இமயத்தைப் பாடினர், இமயவரம்பன் என்று சேரனைப் போற்றினர், ஆயினும் காலடியில் நெரியும் பனியை வகைப்படுத்திப் பெயரிடும் தேவை அவர்க்கு நேரவில்லை.

இன்று அத்தேவை நேர்ந்துள்ளது. 2018ஆம் ஆண்டில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. சென்ற இருவருள் ஒருவரான ஜெப்ரி வெப் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீரர். 2022ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகருக்கு அவருடன் ஆருவின் சாலேஹுடின் என்னும் வீராங்கனையும் சென்றார். வெப்பநாட்டு இளைஞர் பனிமலைக்குச் செல்வது இனி அரிய செயலன்று. செல்வோர் முதலில் எதிர்ப்படும் வினா, எத்தகைய பலகையைக் காலில் கட்டுவது என்பதாகும். கடைக்காரர் காட்டும் வண்ணமும் படமும் அதற்கு விடையாகா. அப்பலகை நடந்து வந்த வழியை அறிந்தவர்க்கு விடை ஓரளவு தானே தோன்றும்.

பனியின் வகைகளை முதலில் காண்போம். புதிதாய்ப் பெய்து காற்றுப் படாமல் கிடப்பது தூள்பனி, அரிசிமாவைப் போன்றது. காற்று அடித்து இறுக்கியது மேலே ஓடு கட்டி நிற்கும். காலை வைத்தால் தாங்குவதுபோல் தோன்றிச் சட்டெனப் பொத்துக்கொள்ளும். பகல் வெயிலில் இளகி இரவுக் குளிரில் மீண்டும் உறைந்தது கல்லைப்போல் இறுகும். அதனை வன்பனி என்னலாம். பலர் சறுக்கிக் கலைத்துக் கட்டியும் குழியுமாய் விட்டுச் சென்றது கலப்புப்பனி. ஒரே மலையில் ஒரே நாளில் இவை நான்கையும் சந்திக்க நேரும். காலையில் வன்பனியாயிருந்த சரிவு நண்பகலில் கூழாகும். மரநிழல் விழும் இடம் மட்டும் மாலைவரை கல்லாகவே கிடக்கும். தூள்பனி விரும்புவது அகன்று வளைந்துகொடுக்கும் பலகையை. வன்பனி விரும்புவது விறைத்துக் கூரிய விளிம்புடைய பலகையை. இவ்விரு விருப்பங்களையும் ஒரே மரத்துண்டில் நிறைவேற்ற மனிதர் பட்ட பாடே பனிச்சறுக்குப் பலகையின் வரலாறு.

ஆங்கிலத்தில் இப்பலகைக்கு வழங்கும் ஸ்கீ என்னும் பெயர், பிளந்த மரத்துண்டு எனப் பொருள்படும் பழைய நார்வே மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் பிளாச்சு என்போமே, ஏறத்தாழ அதுதான். மொழியாசிரியர்க்கு இவ்வொற்றுமை இனிக்கும். கருவியின் தொடக்கம் எத்துணை எளியது என்பதையும் அது காட்டிவிடுகிறது. சுவீடன் நாட்டுக் கால்வ்திரெஸ்க்கில் 1924ஆம் ஆண்டில் கிடைத்த பலகை ஏறத்தாழ 5200 ஆண்டுப் பழைமையுடையது. அதனுடன் கிடைத்த ஊன்றுகோலின் ஒருமுனை மண்வாரிபோல் அமைந்திருந்தது. பனியைத் தோண்டவும் ஊன்றவும் ஒரே கோல் பயன்பட்டது. வடநார்வேயின் ரோடோய்ப் பாறையில், நீண்ட பலகைகளின் மேல் நிற்கும் ஓர் உருவம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்டிருந்தது. 1994ஆம் ஆண்டு லில்லஹாம்மர் ஒலிம்பிக்கின் சின்னங்களுக்கு அவ்வுருவமே முன்மாதிரி ஆயிற்று.

அந்நாளில் அது விளையாட்டுப் பொருளன்று. வேட்டைக்கும், விறகு கொணர்வதற்கும், அண்டை ஊர் சேர்வதற்கும் உரிய ஊர்தி. சில வட்டாரங்களில் இரு கால்களுக்கும் வெவ்வேறு பலகை கட்டினர். இடக்காலில் நீண்டது, வழுக்கிச் செல்ல. வலக்காலில் குட்டையானது, அடியில் விலங்குத்தோல் ஒட்டியது, உந்தித் தள்ள. ஒரே பலகை எல்லாவற்றிற்கும் உதவாது என்பதை அம்மக்கள் இவ்வாறு எளிதாகத் தீர்த்துக்கொண்டனர். பிற்காலத்தவர்க்கு அவ்வளவு எளிய தீர்வு கிட்டவில்லை.

சரிவில் திரும்பிவரும் கலை வளர்ந்தது நார்வேயின் தெலமார்க் வட்டாரத்தில். அங்கு மோர்கெதால் என்னும் சிற்றூரில் 1825ஆம் ஆண்டில் பிறந்த சோந்திரே நோர்ஹைம் என்னும் ஏழை உழவர், குதிகாலையும் சுற்றிப் பிடிக்கும் முறுக்கிய கொடிக்கட்டையும் இடைசிறுத்த பலகையையும் கொண்டு, 1868ஆம் ஆண்டில் தலைநகரில் நடந்த போட்டியில் கண்டோரை வியக்கச் செய்தார். அப்போது அவர்க்கு வயது 42. இடை சிறுத்திருப்பதால் பலகையைச் சாய்த்தபோது விளிம்பு வில்லாக வளைந்து பனியைப் பிடிக்கும். பலகை தானே திரும்பும். அவ்வடிவம் இன்றுவரை நிலைத்துள்ளது. நோர்ஹைம் 1884ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, மலை இல்லாத வடக்கு டக்கோட்டா சமவெளியில் 1897ஆம் ஆண்டில் மறைந்தார். 1888ஆம் ஆண்டில் பிரிட்ஜாப் நான்சன் ஐவருடன் கிரீன்லாந்தைப் பலகைகளின் மேல் கடந்தார். அவர் எழுதிய நூலைப் படித்த ஆஸ்திரியர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நார்வேப் பலகை தம் செங்குத்தான மலைக்கு மிகையான நீளமுடையது எனக் கண்டு, அதனைக் குறைத்தார். மலை மாறியது, கருவியும் மாறியது.

மரத்தைப் பற்றி இங்குச் சிறிது நின்று பேச வேண்டும். பிர்ச்சு, பைன் ஆகியவை இலேசானவை. ஆயின் வன்பனியில் விரைவில் தேய்ந்தன. சாம்பல்மரம் எனப்படும் ஆஷ் நன்கு வளையும். அமெரிக்க ஹிக்கரி மரம் கனமும் வலிவும் மிக்கது, அடி தாங்கும். எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஹிக்கரி பெயர் பெற்றது. தோட்டப்புறங்களில் காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் சுமந்தோர் இத்தேர்வை நன்கு உணர்வர். மிக இளகிய கம்பு நடையின் துள்ளலுக்கேற்ப ஆடி, பாலைச் சிந்தவைக்கும். மிக விறைத்த கம்பு ஒவ்வோர் அடியின் அதிர்வையும் தோளில் இறக்கும். நல்ல கம்பு சிறிது வளைந்து, உடனே தன் நிலைக்கு மீளும். பலகைக்கும் வேண்டியது அதுவே: வளைவதற்கு மறுக்கும் வலிமையும், வளைந்தபின் அதிராமல் மீளும் பண்பும். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை உணர அறிவியலார்க்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

மரத்தின் விளிம்பு வன்பனியில் மழுங்கிவிடும். மழுங்கிய விளிம்பு பிடிக்காது. பிடிக்காத பலகை பக்கவாட்டில் வழுக்கும். வழுக்கியவர் எங்குப் போய் நிற்பார் என்பது மலையின் கையில். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த மலையேறி ருடோல்ப் லெட்னர் இதற்கு மாற்றுக் கண்டார். எஃகுத் துண்டுகளை விளிம்பு நெடுகத் திருகாணியால் பதித்து, 1926ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே நீண்ட பட்டையாகப் பதித்திருந்தால் பலகை வளைய முடியாது போயிருக்கும். ஆதலின் சிறு துண்டுகள். அத்துண்டுகள் அடிக்கடி கழன்றன. சறுக்குவோர் திருப்புளியையும் கையோடு கொண்டு திரிந்தனர். ஆயினும் வன்பனிச் சரிவு மனிதர்க்கு வசப்பட்டது அந்த எஃகினால்தான். பனிச்சறுக்கு வரலாற்றில் இதனினும் பெரிய மாற்றம் வேறில்லை எனல் மிகையாகாது. பெயர் பரவாதது வியப்பே. அடுத்த பத்தாண்டில், பல மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் செய்யும் முறை நார்வேயிலும் அமெரிக்காவிலும் தோன்றிற்று. ஒரே மரத்தில் செதுக்கியது ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும். ஒட்டியது அவ்வாறு முறுக்கவில்லை.

உலோகப் பலகையின் கதை சுவையானது. ஹாவர்ட் ஹெட் என்பார் அமெரிக்காவின் பால்டிமோரில் வானூர்தித் தொழிற்சாலையில் பணிபுரிந்த பொறியாளர். 1947ஆம் ஆண்டில் வெர்மாண்ட் மலையில் முதன்முறை சறுக்கச் சென்றார். திறமையாகச் சறுக்க இயலவில்லை. குற்றம் தம்முடையதன்று, மரப்பலகையுடையது என முடிவுகட்டினார். இத்தகைய முடிவைப் பலர் எடுப்பதுண்டு. அதை மெய்ப்பிக்க வேலையை விட்டவர் அவர். வானூர்திச் சுவரில் அலுமினியத் தகடுகளுக்கிடையே இலேசான பொருளை வைத்து ஒட்டுவதுபோல், பலகையையும் அடுக்காகச் செய்யலாம் என்பது அவர் எண்ணம். சீட்டாட்டத்தில் வென்ற பணமே முதலாயிற்று என்பர். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் சொல்லுமுன் சற்றுத் தயங்கக்கூடும்.

அவர் முதலிற் செய்த பலகைகள் பயிற்றுநர் காலில் முறிந்தன. முறிந்ததை எடுத்துவந்து எங்கே முறிந்தது என ஆராய்ந்து, அவ்விடத்தை வலுப்படுத்தி, மீண்டும் அனுப்பினார், அதுவும் முறிந்தது. பல குளிர்காலங்கள் இவ்வாறு சென்றன. நடுவே ஒட்டுப்பலகை, மேலும் கீழும் அலுமினியத் தகடு, விளிம்பில் எஃகு என்னும் அமைப்பு நிலைபெற்று, 1950ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. புதுப்பலகை மரத்தைவிட எளிதாகத் திரும்பிற்று. மென்பனியில் அதற்கு இணையில்லை. ஆனால் வன்பனியில் ஒரு குறை தலைகாட்டிற்று. வேகமாகச் செல்லும்போது தகடு அதிர்ந்தது. அதிர்ந்த விளிம்பு பனியைத் தொட்டும் தொடாமலும் துள்ளிற்று. விறைப்பு மட்டும் போதாது என்னும் பாடம் இங்கே புலப்பட்டது. தட்டிய வெண்கல மணி நெடுநேரம் ஒலிக்கும். தட்டிய மரம் உடனே அடங்கும். பலகை உலோகம்போல் வலிவாகவும் மரம்போல் அடங்கியதாகவும் இருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஹெட் தம் போட்டிப் பலகையில் இரப்பர் போன்ற ஒரு படலத்தை அடுக்குகளுக்கிடையே வைத்தார்; அதிர்வு அடங்கிற்று.

இதற்கிடையே, 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த ஒலிம்பிக்கில் பிரெஞ்சுக்காரர் ஜான் வுவார்னே உலோகப் பலகையில் இறங்கி மலையிறக்கப் போட்டியில் தங்கம் வென்றார். அதே காலத்தில் கண்ணாடி இழைப் பலகையும் வந்தது. 1993ஆம் ஆண்டில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடையை ஆழமாகச் சிறுக்கச் செய்த பலகையை வெளியிட்டது. அது மிகக் குறுகிய வட்டத்திலும் திரும்ப வல்லது. 2002ஆம் ஆண்டில் தூள்பனிக்கெனவே அகன்ற, முனைகள் மேல்நோக்கி வளைந்த பலகை தோன்றிற்று. இதன்பின் உலகம் இரு கூறாயிற்று. வன்பனிக்கு ஒடுங்கியது, தூள்பனிக்கு அகன்றது. இரண்டுக்கும் நடுவே, எந்த மலைக்கும் எந்நாளுக்கும் என்று செய்யப்படுவதே மலைப்பொதுப் பலகை.

இந்தியாவில் இக்கலை காலூன்றிய இடம் காஷ்மீரத்தின் குல்மார்க். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2650 மீட்டர். அங்குப் பலகை பொழுதுபோக்காக மட்டும் இருந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டு இறுதியில், குடகு மண்ணின் மைந்தரான திம்மய்யாவின் தலைமையில் இயங்கிய படைப்பிரிவு அங்கே ஒரு சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. அப்பள்ளியே வளர்ந்து 1962ஆம் ஆண்டில் உயர்மலைப் போர்ப்பள்ளி ஆயிற்று. பனியை அறியாத தென்னகத்து இளைஞர்க்கும் பனி வாழ்வா சாவா என்னும் பொருளாயிற்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த காவல்நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் அணியைச் சேர்ந்த 10 வீரர் அதனால் மாண்டனர். அவருள் தமிழகத்தவரும் இருந்தனர். பனியின் வகைகளைப் பகுத்தறிவதைக் குளிர்நாட்டாரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது.

வன்பனியும் கலப்புப்பனியும் மிகுந்த மலைக்குச் செல்பவர் மலைப்பொதுப் பலகை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நோக்க வேண்டியவை யாவை? இடையின் அகலம் முதலாவது. போட்டிப் பலகையின் இடை 65 மில்லிமீட்டர் அளவினது. தூள்பனிப் பலகையினது 110ஐயும் தாண்டும். வன்பனி மிகுதியெனில் 85 முதல் 95 வரையும், கலப்புப்பனியும் அவ்வப்போது மென்பனியும் உண்டெனில் 95 முதல் 100 வரையும் பொருந்தும். அகலம் கூடக் கூட, பலகையை ஒரு விளிம்பின்மேல் சாய்ப்பது கடினமாகும். கல்லான பனியில் முழங்கால் அதனை உணரும்.

அடுத்தது விறைப்பு. இது இரு வகைப்படும். நீளவாக்கில் வளைய மறுப்பது ஒன்று. துணி பிழிவதுபோல் முறுக்கும்போது முறுக மறுப்பது மற்றொன்று. வன்பனியில் பின்னது இன்றியமையாதது. முறுக்கத்திற்கு இளகிய பலகையில் காலடியிலுள்ள விளிம்பு பிடிக்க, முனையும் வாலும் நழுவிவிடும். நீளவாக்கு விறைப்பின் பயன் கலப்புப்பனியில் தெரியும். கட்டியில் மோதும்போது இளகிய முனை திசை மாறும். விறைத்தது கட்டியை உடைத்துச் செல்லும். தடிப்பை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். எனவே செய்வோர் ஒரு மில்லிமீட்டரின் பகுதிக்கும் கணக்குப் பார்ப்பர். இக்காலத்து வன்பலகைகளில் மரக்கருவின் மேலும் கீழும் டைட்டானல் என்னும் தகடு வைக்கப்படுகிறது. பெயரில் டைட்டானியத்தின் சாயல் இருப்பினும் அது அலுமினியக் கலவையே. இரண்டு முழுத்தகடு உடையது மிக விறைப்பு. ஒன்று உடையதும், முனையில் தகட்டைக் குறைத்ததும் சற்று இணக்கமானவை. கலப்புப்பனிக்கு, நடுவும் வாலும் விறைத்து, முனை மட்டும் சிறிது இளகி மெல்ல மேலெழுந்திருப்பது நன்று. முழுதும் விறைத்த முனை மென்பனியில் புதைந்து ஆளைக் குப்புறத் தள்ளும்.

கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, மற்றொரு கையால் நடுவை அழுத்தினால் வளைவு புலப்படும். முனையைப் பிடித்துத் திருகினால் முறுக்கம் புலப்படும். இரண்டு மூன்று பலகைகளை அடுத்தடுத்துச் சோதித்தால் பழகாத கையும் வேறுபாட்டை அறியும். நீளம் மோவாய்க்கும் உச்சிக்கும் இடையில் இருத்தல் வழக்கம். விரைந்து செல்வோர் உச்சியளவுக்கு நெருங்குவர். கனத்தையும் குறையெனக் கருதற்க. ஏறும்போது சுமையாகும் கனமே, இறங்கும்போது அதிர்வை அடக்கும்.

இவை யாவும் அமைந்தும் ஒன்று அமையாவிடின் பயனில்லை. விறைத்த பலகை தன்னை வளைக்கும் ஆளை வேண்டி நிற்கும். எடை குறைந்தவரும் புதிதாய்ப் பழகுவோரும் அதனை வளைக்க இயலாது. வளையாத பலகை நேரே ஓடும். நேரே ஓடுவதன் முடிவு மருத்துவமனையாகவும் கூடும். பிறர் புகழ்ந்த பலகையை வாங்கி முழங்கால் நோவுடன் திரும்பியோர் பலர். அத்தகையோர் ஒரு தகடுடையதையோ, கண்ணாடி இழையால் மட்டும் வலுவூட்டியதையோ நாடுதல் தகும். எத்துணை விறைத்ததாயினும் விளிம்பைத் தீட்டாது விட்டால் அது வன்பனியில் பிடிக்காது. லெட்னரின் எஃகு இன்றும் அதே வேலையைச் செய்கிறது. இன்று திருகாணி கழல்வதில்லை, அவ்வளவே.

நார்வேயின் டிகெர்வார்டன் மலையில், உருகிவந்த பழம்பனியிலிருந்து 2014ஆம் ஆண்டில் ஒரு பலகை வெளிப்பட்டது. ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழைமையுடையது. கால் கட்டும் பகுதியும் சிதையாதிருந்தது. அதன் இணை எங்கே என ஆய்வாளர் ஏழாண்டு அவ்விடத்தைக் கவனித்திருந்தனர். 2021ஆம் ஆண்டில் பனி மேலும் குறைந்தபோது, முதற்பலகை கிடந்த இடத்திற்குச் சில மீட்டர் தள்ளி அதுவும் கிடைத்தது. நீளம் 187 சென்டிமீட்டர். அகலம் 17 சென்டிமீட்டர். முறுக்கிய பிர்ச்சுக் கொடியும் தோல்வாரும் மர ஆணியும் கொண்டு கால் கட்டப்பட்டிருந்தது. பலமுறை பழுதுபார்த்துப் பயன்படுத்திய அடையாளங்களும் அதில் இருந்தன. இரு பலகைகளும் அளவில் முற்றும் ஒத்தவையல்ல. இடை தொண்ணூறா நூறா என இன்று கடையில் நின்று வாதிடுவோர்க்கு அதன் 170 மில்லிமீட்டர் அகலம் வியப்பளிக்கும். அதனைக் கட்டிச் சென்றவர் எதிர்கொண்டது பெரும்பாலும் ஆழ்ந்த மென்பனியாகலாம்.